எந்தக் கம்பஸ் என்பது அவ்வளவு முக்கியமா? விசுவமடுவிலிருந்து ஒரு கேள்வி

கேள்வி: 2025 மே 4

"மகள் கணிதப் பிரிவு, முல்லைத்தீவு மாவட்டம். உயர்தரப் பரீட்சை (ஏ.எல்.) ரெண்டாந்தரம் எடுத்த பெறுபேறு வந்திருக்கு. வவுனியாக் கம்பஸில ஐ.ரி. கிடைக்கும் எண்டு ரியூசன் சேர் சொல்லுறார். அவரே பிறகு, 'மூண்டாந்தரமும் எடுத்தா மொறட்டுவைக் கம்பஸுக்குப் போகலாம், வவுனியா எண்டா கொழும்பில ஒருத்தரும் வேலைக்கு எடுக்காங்கள், வெளிநாட்டில மேற்படிப்பும் சரிவராது' எண்டு சொல்லிப்போட்டார். பிள்ளை அதுக்குப் பிறகு ஒழுங்காச் சாப்பிடேல்லை. பேர்பெற்ற கம்பஸ் எண்டது அவ்வளவு முக்கியமோ? தெரிஞ்சவை சொல்லுங்கோ."

மே 4, இரவு

அக்கா, முதல்ல பிள்ளையைச் சாப்பிடச் சொல்லுங்கோ. நான் வவுனியாவில் படித்தவள். எங்கள் காலத்தில் அது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வவுனியா வளாகம். பிறகு கொழும்பில் வேலை செய்தேன், வெளிநாட்டில் மேற்படிப்பு முடித்தேன், இப்போது கிளிநொச்சியில் இருந்து வேலை செய்கிறேன். ஆகவே சேர் சொன்ன இரண்டு கதவையும் தட்டிப் பார்த்திருக்கிறேன்.

சுருக்கமான பதில்: அந்தச் சான்றிதழைக் கையில் எடுத்துப் பார்க்கப் போகிறவர் யார் என்பதைப் பொறுத்தது. அரச வேலையென்றால் பெயருக்கு வேலையே இல்லை. வர்த்தமானியில் வரும் விளம்பரங்களை எடுத்துப் பாருங்கள். "பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவினால் அங்கீகரிக்கப்பட்ட பட்டம்" என்றுதான் கேட்பார்கள். ஆசிரியர் சேவையும் அப்படித்தான், அபிவிருத்தி உத்தியோகத்தர் நியமனமும் அப்படித்தான். நிர்வாக சேவைப் பரீட்சையில் எழுதும் விடைதான் பேசும். கிளிநொச்சிக் கச்சேரிக்கு, அதாவது மாவட்டச் செயலகத்துக்குப் போய்ப் பாருங்கள். பேராதனை, யாழ்ப்பாணம், ஒலுவில், வந்தாறுமூலை என்று நாலு கம்பஸும் ஒரே மேசையில் இருந்து ஒரே கேத்தல் பிளேன்ரியைத்தான் குடிக்கின்றன.

தனியார் துறையும் மேற்படிப்பும் வேறு கதை. நாளைக்கு எழுதுகிறேன்.

மே 5

கொழும்பு.

என் முதல் இன்ரவியூவில், கேட்டவர் என் விண்ணப்பத்தைப் புரட்டிவிட்டு, "வவுனியாவில கம்பஸ் ஒண்டு இருக்கா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். கேலியாக அல்ல, உண்மையாகவே அவருக்குத் தெரியாது. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. கேலி செய்தவருக்குத் திருப்பிச் சொல்லலாம். தெரியாதவருக்கு ஆரம்பத்திலிருந்து விளங்கப்படுத்த வேண்டும், இன்ரவியூ நேரத்தில் பாதி அதிலேயே போய்விடும். பக்கத்துக் கதிரையில் இருந்த மொறட்டுவைப் பெடியனுக்கு அந்த அறிமுகத்தை அவனுக்கு முன்னால் போன இருபது முப்பது பட்ச் ஏற்கெனவே செய்து வைத்திருந்தது.

ஆனால் பெயரைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. மென்பொருள் நிறுவனங்கள் மூன்றாம் வருட மாணவர்களைப் பயிற்சிக்கு எடுக்கும். அதற்கு அவை மொறட்டுவைக் கம்பஸ் இருக்கும் கட்டுபெத்தைக்கும் கொழும்புக்கும் தாங்களே போகும். நிறுவனத்திலிருந்து கம்பஸுக்கு ஓட்டோவில் போய் வரலாம். நான் படித்த காலத்தில் வவுனியாவுக்கு அப்படி யாரும் வந்ததில்லை. பயிற்சிக்குப் போனவன் பயிற்சி முடிய அங்கேயே வேலைக்குச் சேருகிறான், அடுத்த வருடம் தன் ஜூனியரைக் கூப்பிடுகிறான். வெளியில் விளம்பரம் வருவதற்கு முதலே பாதி இடம் நிரம்பிவிடும். நாங்கள் "பெயர்" என்று சொல்வதில் பெரும்பங்கு இந்தத் தூரமும் இந்த ஆள்தொடர்பும்தான். இரண்டுக்கும் பிள்ளை தானே முயற்சி எடுத்து ஏதாவது செய்யலாம்.

இரண்டாவது வேலைக்குப் போனபோது எங்கே படித்தாய் என்று யாரும் கேட்கவில்லை. என்ன செய்தாய் என்றுதான் கேட்டார்கள்.

மே 5, இரவு

மாங்குளத்துத் தம்பி "திறமை இருந்தா எங்க படிச்சாலும் ஒண்டுதான்" என்று எழுதியிருக்கிறார். அந்த வசனத்தை நான் ஏற்கவில்லை. எங்கள் பிள்ளைகளைச் சமாதானப்படுத்தச் சொல்லும் வசனம் அது. திறமை இருக்கிறதென்று மற்றவனுக்குத் தெரியவேண்டும் அல்லவா? அதைத் தெரியப்படுத்த வேலை இருக்கிறது, செலவு இருக்கிறது, காலம் இருக்கிறது. அந்தச் செலவு பெயர்பெற்ற இடத்தில் படித்தவனுக்குக் குறைவு. இதை மறைத்து வைத்தால் பிள்ளை கொழும்புக்குப் போய் முதல் இடத்தில் அடிவாங்கும்போது தன்னில்தான் குறை என்று நினைக்கும்.

மே 9

இந்தக் கேள்வியை அமெரிக்காவில் பொருளியலாளர்கள் கணக்குப் போட்டே பார்த்திருக்கிறார்கள். ஸ்டேசி டேல், அலன் க்ரூகர் என்ற இருவர் 2002இல் வெளியிட்ட ஆய்வு. 1976இல் கல்லூரிக்குப் போனவர்களை எடுத்து அவர்களின் பிற்கால வருமானத்தைப் பார்த்தார்கள். பெயர்பெற்ற கல்லூரியில் படித்தவன் கூடச் சம்பளம் வாங்குகிறான் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. கல்லூரி அவனை அப்படி ஆக்கியதா, அல்லது அப்படிப்பட்டவனைத்தான் கல்லூரி எடுத்ததா என்பதுதான் கேள்வி. அவர்கள் செய்தது கெட்டித்தனமான வேலை. ஒரே மாதிரியான கல்லூரிகளுக்கு விண்ணப்பித்து, ஒரே மாதிரி இடம் கிடைத்து, பிறகு ஒருவர் பெரிய இடத்துக்கும் மற்றவர் அவ்வளவு பெயரில்லாத இடத்துக்கும் போனவர்களை ஒப்பிட்டார்கள். அப்படிப் பார்த்தபோது வருமான வித்தியாசம் அநேகமாகக் காணாமல் போனது.

இதை முதலில் வாசித்தபோது எனக்குப் பெரிய ஆறுதல். அறைத்தோழிகளுக்கெல்லாம் அனுப்பினேன்.

மே 10

நேற்று எழுதியதன் மறுபாதி. அதே ஆய்வில் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் பெரிய கல்லூரி உண்மையாகவே பயன் கொடுத்தது. அதே இருவரும் பிறகு செய்த ஆய்வில் கறுப்பின, ஹிஸ்பானிக் மாணவர்களுக்கும், பெற்றோர் அதிகம் படிக்காத மாணவர்களுக்கும் அந்தப் பயன் தெரிந்தது. ஏனென்றால் வசதியான வீட்டுப் பிள்ளைக்குத் தகப்பனின் நண்பர், மாமாவின் கொம்பனி என்று ஏற்கெனவே வழி இருக்கிறது. கல்லூரி அதில் புதிதாகச் சேர்ப்பது கொஞ்சம். வழி ஒன்றும் இல்லாத பிள்ளைக்குத்தான் கல்லூரியே எல்லா வழியும்.

அப்படியானால் அந்த விதிவிலக்கில் இருப்பவர்கள் நாங்கள்தான். விசுவமடுவில், தருமபுரத்தில், துணுக்காயில் வீட்டில் முதல் ஆளாகக் கம்பஸ் போகிற பிள்ளைக்கு மாமாவின் கொம்பனி கிடையாது. ஆகவே "பெயர் முக்கியமில்லை" என்று எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நியாயமாகக் கிடைக்கக்கூடிய பெரிய இடம் இருந்தால் அதை எடுக்கத்தான் வேண்டும்.

கொழும்பு அண்ணை 2023இல் வந்த செட்டி, டெமிங், ஃபிரீட்மன் ஆய்வைக் காட்டியிருக்கிறார். அதுவும் இதே திசைதான். ஹார்வர்ட் மாதிரியான பன்னிரண்டு இடங்களில் படிப்பது சராசரி வருமானத்தைப் பெரிதாக மாற்றவில்லை. ஆனால் மிக உச்சத்துக்குப் போகும் வாய்ப்பைக் கூட்டுகிறது. பெயர்பெற்ற மேற்படிப்பு இடங்களுக்குப் போகும் வாய்ப்பு ஏறக்குறைய இரு மடங்காகிறது. அண்ணை, அது கோடிக்கணக்கில் கட்டணம் வாங்கும் நாட்டுக் கணக்கு. இங்கே மொறட்டுவையும் இலவசம், வவுனியாவும் இலவசம். வித்தியாசத்தைப் போடுவது இசட் ஸ்கோரும் (உயர்தரப் பெறுபேற்றை வைத்துப் போடும் தரப்புள்ளி) மாவட்டமும்.

மே 13

விண்ணப்பம் போடப்போகிற எல்லோருக்கும் அவசரமாக ஒன்று. விருப்ப ஒழுங்கைப் பயத்தில் போடாதீர்கள். "மொறட்டுவையை மேல போட்டா வவுனியாவும் பறிபோயிடும்" என்று இங்கே ஒருவர் எழுதியிருப்பது சரியல்ல. தெரிவு நடப்பது இசட் ஸ்கோர் வரிசையிலும் நீங்கள் கொடுத்த ஒழுங்கிலும். மேலே போட்டது எட்டாவிட்டால் அடுத்ததைப் பார்ப்பார்கள், அவ்வளவுதான். உண்மையில் எது வேண்டுமோ அதை முதலில் போடுங்கள். மானியங்கள் ஆணைக்குழுவின் அனுமதிக் கைநூலை வரிவரியாக வாசியுங்கள். ரியூசன் வாசலில் கேட்டதை நம்பி யூனிகோட் (எந்தக் கம்பஸில் எந்தப் படிப்பு என்று காட்டும் குறியீடு) நிரப்பாதீர்கள்.

மே 14

"மாவட்டக் கோட்டாவில வந்தவைக்கு மொறட்டுவை கிடைச்சாலும் ஒண்டுதான், தகுதியில வந்தவை இல்லை" என்று எழுதியவருக்கு.

கணக்கு இது. விஞ்ஞான, கணிதப் பிரிவுகளில் 40 சதவீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படை. 55 சதவீதம் மாவட்டங்களுக்கு அவற்றின் சனத்தொகைப்படி. 5 சதவீதம் கல்வி வாய்ப்புக் குறைந்த மாவட்டங்களுக்கு. முல்லைத்தீவு, கிளிநொச்சி, மன்னார், வவுனியா நாலும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன, யாழ்ப்பாணமும் இருக்கிறது. 2009 ஓகஸ்டில் உயர்தரப் பரீட்சை நடந்தபோது இந்த மாவட்டத்துப் பிள்ளைகள் அதை செட்டிகுளம் மெனிக் பாம் என்ற இடம்பெயர்ந்தோர் முகாமில் கம்பிவேலிக்குள் இருந்து எழுதினார்கள். அவர்களில் சிலர் என் பட்ச். பாடப்புத்தகம் இல்லை, இரவில் வெளிச்சம் இல்லை, சிலருக்கு வீட்டு ஆட்களும் இல்லை. அவர்களின் இசட் ஸ்கோரையும் வசதியான கொழும்பு ஏழில் இருந்து எழுதியவரின் இசட் ஸ்கோரையும் ஒரே தராசில் போட்டு, குறைவாக வந்தவன் தகுதியற்றவன் என்று சொல்ல எப்படி மனம் வருகிறது?

எழுபதுகளில் பல்கலைக்கழக அனுமதிக்குக் கொண்டுவந்த தரப்படுத்தலை யாழ்ப்பாணம் ஓர் இழப்பாக நினைவில் வைத்திருக்கிறது. அந்தக் காயம் உண்மை, மொழிவாரியாகப் புள்ளியை வெட்டியது அநியாயம். ஆனால் அதற்குப் பிறகு வந்த மாவட்ட ஒதுக்கீடு வன்னியில் பல வீடுகளுக்கு முதல் பொறியியலாளரையும் முதல் வைத்தியரையும் கொடுத்தது. இரண்டையும் சேர்த்துத்தான் நாங்கள் பேச வேண்டும். யாழ்ப்பாண நண்பர்களோடு இதைப் பேசி நான் சண்டைப்பட்டும் இருக்கிறேன். இன்னும் நண்பர்களாகத்தான் இருக்கிறோம்.

மே 20

மேற்படிப்பு. விசுவமடு அக்கா மூன்று தரம் கேட்டுவிட்டார். வேலைக் களைப்பில் பிந்திவிட்டது, ஆனால் இதைத்தான் விரிவாக எழுத நினைத்தேன்.

வெளிநாட்டில் ஒரு துறை விண்ணப்பத்தைப் பார்க்கும்போது முதலில் தகுதி பார்க்கிறது. இங்கே எங்கள் பிள்ளைகள் விழும் குழி பல்கலைக்கழகத்தின் பெயர் அல்ல, மூன்று வருடப் பொதுப் பட்டம். அமெரிக்காவிலும் கனடாவிலும் பல இடங்கள் நாலு வருடப் பட்டத்தைத்தான் கேட்கும். எங்கள் தகைமைச் சட்டகத்தில் பொதுப் பட்டம் ஐந்தாம் மட்டம், சிறப்புப் பட்டம் ஆறாம் மட்டம். ஆகவே மகள் எங்கே போனாலும் நாலு வருடச் சிறப்புப் பட்டத்தில் நிற்கவேண்டும். கொழும்பில் மூன்று வருடமா, வவுனியாவில் நாலு வருடமா என்று கேட்டால், மேற்படிப்பு நோக்கம் உள்ளவருக்கு நான் யோசிக்காமல் வவுனியா என்பேன்.

அடுத்தது வகுப்பு. அநேகமான பல்கலைக்கழகங்களில் ஜி.பி.ஏ. (எல்லாப் பாடப் புள்ளிகளின் சராசரி) 3.70க்கு மேல் முதல் வகுப்பு, 3.30க்கு மேல் இரண்டாம் வகுப்பு மேற்பிரிவு. முதல் வருடம் விளையாட்டாகப் போனால் நாலாம் வருடத்தில் அதைத் தூக்கி நிறுத்துவது பெரும்பாடு. புலமைப்பரிசில் விண்ணப்பங்கள் பல இரண்டாம் வகுப்பு மேற்பிரிவுக்குக் கீழே திரும்பியும் பார்க்காது.

மூன்றாவது பரிந்துரைக் கடிதம். பெயர் உண்மையில் வேலை செய்யும் இடம் இதுதான். கனடாவில் ஒரு பேராசிரியரிடம் பேராதனையிலிருந்து முன்பு இரண்டு மூன்று மாணவர்கள் படித்திருந்தால், பேராதனை முதல் வகுப்பு என்றால் என்னவென்று அவருக்குத் தெரியும். வவுனியா முதல் வகுப்பு என்றால் அவருக்கு ஒன்றும் தெரியாது. நல்லதென்றும் தெரியாது, கெட்டதென்றும் தெரியாது. அந்த வெற்றிடத்தைக் கடிதம்தான் நிரப்ப வேண்டும். எங்கள் பக்கத்தில் எழுதப்படும் கடிதங்கள் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும்: "இவர் ஒழுக்கமானவர், விரிவுரைகளுக்கு ஒழுங்காக வருபவர், எதிர்காலம் சிறக்க வாழ்த்துகிறேன்." ஒரு பயனும் இல்லாத கடிதம். எனக்கு எழுதித் தந்த விரிவுரையாளர் நோர்வேயில் கலாநிதிப் பட்டம் முடித்து வந்தவர். என் நாலாம் வருட ஆய்வில் எந்த இடத்தில் நான் தடக்கினேன், அதை எப்படித் தீர்த்தேன், தான் பார்த்த மாணவர்களில் நான் எங்கே நிற்கிறேன் என்று ஒன்றரைப் பக்கம் எழுதினார். எனக்கு இடம் தந்த பேராசிரியர் பிறகு சொன்னார், கடிதத்தை வாசித்த பிறகுதான் வவுனியா எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் தேடினாராம்.

அந்த விரிவுரையாளர் பெரிய கம்பஸில் இருந்திருந்தால் எனக்கு அவ்வளவு நேரம் கிடைத்திருக்குமா என்று பல தரம் யோசித்திருக்கிறேன். எங்கள் சிறப்புப் பட்ட வகுப்பு மிகச் சிறியது. அவரின் அறைக்கதவு திறந்தே இருக்கும். மொறட்டுவையில் படித்த என் நண்பி, தன் மேற்பார்வையாளரைச் சந்திக்க இரண்டு வாரம் நிற்க வேண்டும் என்பாள். பெயரில்லாத இடத்தில் அந்தக் கவனிப்பு எல்லோருக்கும் தானாகக் கிடைக்காது, ஆனால் தேடிப் போனவர்களுக்கு அங்கே இலகுவாகக் கிடைக்கிறது.

மே 21

நேற்றையதற்குத் தொடர்ச்சி. பொதுப் பட்டம் ஏற்கெனவே முடித்தவர்கள் தனிச்செய்தியில் கேட்டிருந்தீர்கள். வழி மூடவில்லை. பேராதனையில் விஞ்ஞானப் பட்டப்பின்படிப்பு நிறுவகம் இருக்கிறது. அங்கே முதுமாணி செய்யலாம், ஆய்வோடு கூடியதாகச் செய்தால் இன்னும் நல்லது. கிழமைக் கடைசி வகுப்புக்கு வவுனியாவிலிருந்து விடியப்புறம் வெளிக்கிட்டுப் போய் வருகிற ஆசிரியர்களைத் தெரியும். நாலு வருடப் பட்டம் இல்லாத குறையை அந்த முதுமாணி பல இடங்களில் அடைத்துவிடும். வெளிநாட்டு விண்ணப்பத்தில் கடைசியாகப் படித்த இடத்தின் பெயரே மேலே நிற்கும் என்பதும் ஒரு நன்மை.

மே 23

கடைசிப் பெயர் மேலே நிற்பது பற்றி இன்னும் கொஞ்சம். பேராசிரியராக வரவேண்டும் என்ற கனவு இருக்கிறவர்கள் இதைக் கவனியுங்கள். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் 2011க்கும் 2020க்கும் இடையில் வேலை செய்த பேராசிரியர்களை எடுத்துப் பார்த்த ஆய்வு 2022இல் நேச்சர் இதழில் வந்தது. அந்த நாட்டிலேயே கலாநிதிப் பட்டம் பெற்றவர்களில் 80 சதவீதமானோர் 20 சதவீதப் பல்கலைக்கழகங்களிலிருந்து மட்டும் வந்தவர்கள். ஐந்தே ஐந்து இடங்கள் எட்டில் ஒரு பங்குக்கு மேல் கொடுத்திருக்கின்றன. அந்தத் துறையில் பெயர் கொடூரமாகவே முக்கியம். ஆனால் அங்கே எண்ணப்படுவது கலாநிதிப் பட்டத்தின் பெயர், முதற்பட்டத்தின் பெயர் அல்ல. வவுனியாக் கம்பஸ் இருக்கும் பம்பைமடுவில் தொடங்கியவர் நல்ல மேற்பார்வையாளரிடம் போய்ச் சேர்ந்தால் கணக்கு அங்கிருந்து புதிதாகத் தொடங்குகிறது.

பெயர் சட்டமாகவே எழுதப்பட்ட இடமும் உண்டு. பிரித்தானியா 2022இல் ஒரு விசா தொடங்கியது. தொடங்கியபோது இருந்த விதிப்படி, உலகத் தரவரிசைகளின் முதல் ஐம்பதில் வரும் பல்கலைக்கழகத்தில் அண்மையில் பட்டம் பெற்றிருந்தால், வேலை ஒன்று கையில் கிடைக்காமலே அங்கே போகலாம். அந்தப் பட்டியலில் இலங்கைப் பல்கலைக்கழகம் ஒன்றும் இல்லை. அந்த வாசலில் மொறட்டுவையும் வவுனியாவும் சரிசமம்! ஜேர்மனி வேறு மாதிரி. அவர்கள் வைத்திருக்கும் அனபின் என்ற தரவுத்தளத்தில் நிறுவனம் அங்கீகரிக்கப்பட்டதா என்றுதான் பார்ப்பார்கள், எத்தனையாவது இடம் என்று பார்க்க மாட்டார்கள்.

யூன் 2

பெயர் எவ்வளவு தூரம் வெறும் பெயர் என்பதற்கு எங்கள் வவுனியாவே சாட்சி. 1991இல் வட மாகாண இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரி. 1997இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகம். 2021 ஓகஸ்ட் 1 முதல் வவுனியாப் பல்கலைக்கழகம். வளாகமாக இருந்த காலத்தில் முடித்த என் சான்றிதழில் யாழ்ப்பாணம் என்று இருக்கிறது. இப்போது சேரும் என் ஒன்றுவிட்ட தங்கையின் சான்றிதழில் வவுனியா என்று இருக்கும். எனக்குப் படிப்பித்த அதே விரிவுரையாளர்கள்தான் அவளுக்கும் படிப்பிக்கிறார்கள். கொழும்பில் ஒருவர் என்னிடம், "நல்லவேளை, உங்களுக்கு யாழ்ப்பாணம் எண்டு கிடைச்சிட்டுது" என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. தங்கைக்கு இப்போது என் காலத்தைவிடப் புதிய பாடத்திட்டம், கூடிய கணினிகள், ஆய்வு மாநாடு எல்லாம் இருக்கின்றன. அவளின் படிப்பு என் படிப்பைவிட எந்த வகையில் குறைந்தது?

யூன் 3

தரவரிசைப் படங்களை இதற்குள் கொண்டுவந்து ஒட்டுகிறவர்களுக்கு: அந்தப் பட்டியல்கள் பெரும்பாலும் முழுப் பல்கலைக்கழகத்தின் ஆய்வுக் கட்டுரைகளையும் மேற்கோள்களையும் கணக்கிடுபவை. மருத்துவ பீடம் உள்ள இடம் இயல்பாகவே மேலே வரும். உங்கள் பிள்ளை உட்காரப்போகும் கணினி வகுப்பைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை.

யூன் 8

கொழும்பில் தனியார் நிறுவனத்தில் பிரித்தானியப் பட்டம் எடுக்கலாம் என்று ஒரு மாமா அக்காவிடம் சொல்லியிருக்கிறாராம். பணம் இருக்கிறவர்கள் யோசிக்கலாம், நான் தடுக்கவில்லை. ஆனால் காணி ஈடு வைத்துச் செய்யாதீர்கள். அரச வேலை எண்ணம் இருந்தால் அந்த வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் மானியங்கள் ஆணைக்குழு ஏற்கும் பட்டியல்களில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கொஞ்சப் பணத்தில் கொழும்புப் பெயர் வேண்டுமென்றால் வேறு வழியிருக்கிறது. கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரி நடத்தும் வெளிவாரிப் பட்டம் 2000ஆம் ஆண்டிலிருந்து நடக்கிறது. வீட்டிலிருந்து படித்துப் பரீட்சை எழுதலாம். கஷ்டமான பட்டம், தொடங்கியவர்களில் பலர் இடையில் விட்டுவிடுவார்கள். முடித்தவர்களை நிறுவனங்கள் மதிக்கின்றன.

யூன் 15

செலவைப் பற்றி யாரும் பேசவில்லை. இலவசக் கல்வி என்பது வகுப்புக்குள் மட்டும்தான். மொறட்டுவைப் பக்கம் அறை வாடகையும் சாப்பாடும் சேர்ந்தால் மகாபொல உதவிப்பணம் எந்த மூலைக்கும் காணாது. விசுவமடுவிலிருந்து வவுனியாவுக்குப் போனால் கிழமைக்கு ஒருக்கா வீட்டுக்கு வரலாம், புட்டும் சம்பலும் கட்டிக்கொண்டு திரும்பலாம். இது சின்ன விஷயம் அல்ல. என் பட்சில் தெற்கே போன ஒரு பிள்ளை, இரண்டாம் வருடம் தகப்பன் படுக்கையில் விழுந்தபோது படிப்பையே விட்டுவிட்டு வந்தது. கெட்டிக்காரி. பக்கத்தில் இருந்திருந்தால் இரண்டையும் சமாளித்திருக்கும் என்று இப்போதும் நினைக்கிறேன்.

மறுபக்கமும் உண்டு. சிங்களம் பேசப் பழகுவதும், ஆங்கிலத்தில் பயமில்லாமல் வாய் திறப்பதும் தெற்கில் படித்தவர்களுக்கு விரைவாக வந்துவிடுகிறது. வவுனியாவிலும் விரிவுரை ஆங்கிலத்தில்தான், சிங்களப் பிள்ளைகளும் படிக்கிறார்கள். ஆனால் விடுதியில் தமிழ் ஆட்களோடு மட்டும் இருந்தே நாலு வருடத்தை ஓட்டிவிடலாம். நான் அப்படித்தான் ஓட்டினேன். கொழும்பில் முதல் வருடம் முழுக்க அதற்கு விலை கொடுத்தேன்.

யூலை 6

தம்பி ஒருவர், "கம்பஸே கிடைக்காதவை என்ன செய்யிறது" என்று கேட்டிருந்தார். கேள்வி இவ்வளவு நாளும் பதில் இல்லாமல் கிடந்தது கவலை. அறிவியல் நகரில் யாழ் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்துக்குக் கிட்டவே இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனம் இருக்கிறது, 2016இலிருந்து. வாகனம், மின், கட்டடம், உணவு என்று பல துறைகள், தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழோடு. வவுனியாவில் உயர் தொழில்நுட்பவியல் நிறுவனத்தில் உயர்தேசிய டிப்ளோமா படிக்கலாம். எங்கள் ஒழுங்கையில் ஒரு பெடியன் அப்படிப் படித்துவிட்டு இப்போது பரந்தனில் சொந்தமாகப் பட்டறை வைத்திருக்கிறான். அவனிடம் மோட்டர் திருத்தக் கொண்டுபோகிறவர்கள் எங்கே படித்தாய் என்று கேட்பதில்லை, ஓடுகிறதா என்றுதான் கேட்கிறார்கள்.

யூலை 19

இந்த இழையை முதலிலிருந்து திருப்பி வாசித்தேன். மே 5இல் தூரம்தான் பெரிய காரணம் என்றேன், மே 10இல் வழி இல்லாத பிள்ளைக்குப் பெரிய இடம்தான் வழி என்றேன். முரண்போலத் தெரிகிறதென்று மாங்குளத்துத் தம்பி கேட்பது நியாயம். நான் சொல்ல வருவது இதுதான். உங்களைத் தெரியாத ஒருவர் உங்களைப் பற்றி முடிவெடுக்கும் இடத்தில் மட்டும் பெயர் வேலை செய்கிறது. பரீட்சை இருக்கும் இடத்தில் புள்ளி பேசும். உங்கள் வேலையைப் பார்த்தவர் இருக்கும் இடத்தில் அவர் பேசுவார். பெயரில்லாத கம்பஸுக்குப் போகிற பிள்ளை, தன் வேலையைப் பார்த்த ஆட்களை நாலு வருடத்துக்குள் சேர்த்துக்கொள்ள வேண்டும். பெரிய கம்பஸ் அந்த ஆட்களில் சிலரை முதல் நாளே கொடுத்துவிடுகிறது.

மூன்றாந்தரம் எடுப்பது பற்றி: இந்த இரண்டு தரத்துக்கும் இடையில் மகளின் இசட் ஸ்கோர் எவ்வளவு ஏறியது என்று பாருங்கள். நன்றாக ஏறி, மாவட்ட வெட்டுப்புள்ளிக்குக் கிட்ட நின்றால் யோசிக்கலாம். அசையாமல் நின்றால் இன்னொரு வருடத்தைக் கொடுக்க வேண்டாம். அந்த ஒரு வருடத்தில் கம்பஸில் இரண்டு செமஸ்டர் முடிந்துவிடும். ரியூசன் சேரிடம் இதைக் கேட்காதீர்கள். மூன்றாந்தரப் பிள்ளையும் அவரின் வகுப்புக்குத்தான் வரும், பாவம் அவருக்கும் பிழைப்பு இருக்கிறது. இந்தக் கணக்கைப் பிள்ளையோடு இருந்து பாருங்கள்.

செப்டெம்பர் 7

அக்கா எழுதியிருக்கிறா. மகள் மொறட்டுவையை முதலாவதாகவும், கொழும்பை அடுத்ததாகவும், வவுனியாவை அதற்குப் பிறகும் போட்டிருக்கிறாளாம். மூன்றாந்தரம் எடுக்கவில்லை. எது வந்தாலும் போவதாக முடிவு. நல்ல முடிவு. இப்போது வீட்டில் இருந்து ஆங்கிலமும் பைத்தன் நிரல்மொழியும் படிக்கிறாளாம். சாப்பிடுகிறாளா என்று கேட்டேன், கோழிப்புக்கை கேட்டுச் சண்டை பிடிக்கிறாளாம்.

செப்டெம்பர் 8

அக்காவின் கடைசிக் கேள்வி: "வவுனியாதான் வந்தா முதல் வருஷத்திலயே என்ன செய்யவேணும்?"

முதல் செமஸ்டரில் ஜி.பி.ஏ.யைக் கவனிக்கச் சொல்லுங்கோ. சிறப்புப் பட்டத்துக்கு எந்தப் பாடத்தில் எவ்வளவு வேண்டும் என்று பீட அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வைக்கச் சொல்லுங்கோ, மூத்த மாணவர் வாய்மொழியை நம்ப வேண்டாம். விடுதியில் சிங்களப் பிள்ளை ஒருத்தியோடு அறை எடுக்க முடிந்தால் எடுக்கட்டும். செய்கிற நிரல்களைக் கிற்ஹப் என்ற இணையத்தளத்தில் போட்டு வைக்கட்டும், கொழும்பில் இருக்கிறவர் வவுனியாவுக்கு வராமலே பார்க்கக்கூடியது அது ஒன்றுதான். இரண்டாம் வருட முடிவிலேயே பயிற்சிக்கு மின்னஞ்சல் போடத் தொடங்க வேண்டும், எங்கள் பழைய மாணவர் வேலை செய்யும் நிறுவனங்களில் இருந்து. அந்தப் பெயர்களை நான் தனிச்செய்தியில் தருகிறேன். அவர்களிடம் வேலை கேட்கத் தேவையில்லை. விண்ணப்பத்தை ஒருக்கால் வாசித்துத் திருத்தித் தரச் சொல்லிக் கேட்டால் போதும், அநேகமாகச் செய்து தருவார்கள்.